முப்பத்தேழாம் நம்பர் ஷூ

போன சனிக்கிழமை வேலூரில் ஒரு சுயதொழில் பயிற்சி முகாம். கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். எங்கள் மகளிர் குழுவிலிருந்து ஆறு பேர் போனோம். போகாவிட்டால் குழுத் தலைவி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். மதியச் சாப்பாடும் உண்டு. வேறு காரணம் வேண்டுமா என்ன?

மேடையில் கோட் போட்ட ஒருவர். நல்ல குரல். திரையில் பெரிய எழுத்தில் 'உங்கள் ஐடியா என்ன?' என்று போட்டுவிட்டு மைக்கை எங்கள் பக்கம் அனுப்பினார். ஒருத்தி மெழுகுவத்தி என்றாள். ஒருத்தி சிறுதானிய லட்டு என்றாள். பின்வரிசையிலிருந்து ஓர் ஆண் குரல், "பிரியாணிக் கடை சார்" என்றது. மண்டபமே சிரித்தது.

சிரிக்காமல் என்ன செய்வது? எங்கள் பக்கம் வேலை போன எவருக்கும் முதலில் தோன்றுகிற ஐடியா அதுதான். ஆம்பூரில் ஹைவே ஓரம் இறங்கிப் பாருங்கள். ஒரு கடையின் அண்டாவைத் திறந்தால் அடுத்த கடைக்காரர் முகத்தில் ஆவி அடிக்கும். அதில் இன்னொரு கடையா?

மைக் என்னிடம் வந்தது. அப்படியே பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிட்டேன். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். எழுதச் சொன்னால் எழுதுவேன். நாலு பேர் முன்னால் பேச வராது.

முடிக்கும்போது அவர் சொன்னார்: "தெரியாத தொழிலில் இறங்காதீர்கள். தெரிந்த தொழிலைச் செய்யுங்கள். தோற்கவே மாட்டீர்கள்."

கைதட்டல். நான் தட்டவில்லை.

நாங்கள் தெரிந்த தொழிலைத்தான் செய்தோம் சார்...

மண்டபத்தில் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். நான் ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷம் தையல் லைனில் இருந்தவள். ஷூவின் மேல் பாகத்தை — அப்பர் என்போம் — தைக்கிற வேலை. முதுகுவலி வந்து நின்ற பிறகு, வீட்டிலேயே ஒரு பழைய மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் லாஸ்டிங். லாஸ்ட் என்றால் கால் மாதிரியே செய்த பிளாஸ்டிக் அச்சு. அதன்மேல் அப்பரை மாட்டி, இழுத்து, அடியில் மடக்கி ஒட்டினால்தான் ஷூவுக்கு ஷூ வடிவம் வரும். அச்சு எப்படியோ ஷூ அப்படி. இருபத்திரண்டு வருஷம் இழுத்திருக்கிறார். அவர் கையைக் குலுக்குகிறவர்கள் இரண்டாவது தடவை குலுக்கமாட்டார்கள், அவ்வளவு பலம்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்தப் பதினெட்டு வருஷத்தில் நான் ஒரு நாள்கூட ஷூ போட்டதில்லை. அவர் எங்கள் கல்யாண ரிசப்ஷனுக்கு இரவல் ஷூவில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார், அவ்வளவுதான். ஷிஃப்ட் முடிந்து கேட் திறந்தால் வெளியே வருவதெல்லாம் ரப்பர் செருப்பு. உள்ளே ஐரோப்பாவுக்கு லெதர், வெளியே எங்களுக்கு ரப்பர். யாருக்கும் அது வித்தியாசமாகத் தோன்றியதில்லை.

ஆர்டர் குறைந்த ஒரு வருஷம், கம்பெனியில் ஒரு லைனை மூடினார்கள். பர்மனென்ட் ஆட்களைத் தொடவில்லை. ஆனால் கான்ட்ராக்ட் ஆட்கள் டிபன் டப்பாவோடு கேட்டில் நின்றதைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. "நாளைக்கு நம்மள அனுப்பறதுக்குள்ள நாமளே ஒண்ணு பண்ணிடணும்" என்றார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் வீட்டில் ஐடியா தேடும் படலம். தேடுகிறவர்கள் இரண்டு பேர். இவர், இவருடைய தோஸ்த் சாதிக் பாய். பாய் கட்டிங் செக்‌ஷன். தோலைத் தடவிப் பார்த்தே, இந்த மாடு எந்த முள்வேலியில் உரசியது என்று சொல்லிவிடுகிற ஆள்.

கோழிப்பண்ணை பேசினார்கள். பாய்க்குக் கோழி வாசனை ஆகாது. தண்ணி கேன் பேசினார்கள். தெருவுக்கு இரண்டு பேர் ஏற்கெனவே போடுகிறார்கள். அமிர்தி காட்டுக்குப் போகிற வழியில் டீக்கடை என்றார்கள். ஞாயிறு தவிர ஆறு நாளும் அங்கே குரங்குதான் வரும் என்று விட்டுவிட்டார்கள். பிரியாணியும் ஒரு வாரம் வந்து போனது. நான் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். எனக்கு அபிப்பிராயம் இல்லாமலா? கேட்டால்தானே சொல்வதற்கு.

எட்டாவது ஞாயிறோ ஒன்பதாவதோ, பாய் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"எவனெவனுக்கோ ஷூ போட்டு அனுப்பறோம். நம்ம ஊரு புள்ளைங்க அட்டை ஷூ போட்டுனு ஸ்கூலுக்குப் போவுது. ஒரு மழைக்கு சோல் தனியா வருது. நாமளே லெதர்ல ஸ்கூல் ஷூ போட்டா இன்னா?"

அடுப்படியில் நின்றிருந்த எனக்கே உடம்பு சிலிர்த்தது. கட்டிங் அவர், தையல் நான், லாஸ்டிங் இவர். மூன்று பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஷூ! எட்டு வாரமாக எங்கெங்கேயோ தேடிய ஐடியா எங்கள் கையிலேயே இருந்திருக்கிறது. இன்றைக்கும் சொல்கிறேன், அது நல்ல ஐடியாதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

லாஸ்டுக்கு எங்கே போவது? அதற்கும் எங்கள் ஊரில் வழி இருந்தது. ஒரு டிசைன் நின்றுபோனால் கம்பெனிகள் அந்த லாஸ்டை மூட்டை மூட்டையாகக் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிடும். பாய் நாலு கடை ஏறி இறங்கி, எல்லா சைஸும் இருக்கிற மாதிரி மூன்று மூட்டை பிடித்தார். சோப்பு போட்டுக் கழுவியதும் புதுசு மாதிரி பளபளத்தது.

"ஜெர்மன் லாஸ்ட் தங்கச்சி. இத மிஞ்சி உலகத்துல கெடையாது" என்று என்னிடம் ஒன்றைக் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். வழவழவென்று, ஒல்லியாக, முன்பக்கம் கூம்பி, அவ்வளவு அழகு.

முதல் சாம்பிள் முப்பத்தேழாம் நம்பர். லேடீஸ் ஷூவுக்குக் கம்பெனியில் சாம்பிள் போடுவது அந்த சைஸில்தான். அந்தப் பழக்கத்தில் நாங்களும் அதையே போட்டோம். பாய் வெட்டினார், நான் தைத்தேன், இவர் மெஷின் இல்லாமல் குறட்டால் பிடித்துக் கையாலேயே இழுத்து முடித்தார். ஞாயிறு மதியம் தரையில் பேப்பர் விரித்து அதன்மேல் ஜோடியாக வைத்தார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த மாதிரி ஒரு கறுப்பு ஷூவை ஷோரூமில்கூட நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்.

"உன் காலு அந்த சைஸ்தான். போட்டுப் பாரு" என்றார் வீட்டுக்காரர்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வெறுங்காலோடு வயலிலும் வாசலிலும் வளர்ந்த கால். பித்தவெடிப்பு. விரல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை. அதை இரண்டு ஆம்பிளைகள் உட்கார்ந்து பார்ப்பதா? பாய் புரிந்துகொண்டு சுவர் காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். மகளுடைய பழைய ஸ்கூல் சாக்ஸை மாட்டிக்கொண்டு, காலை உள்ளே விட்டு, எழுந்து நின்றேன்.

இரண்டு பேர் சீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறிக்கொண்டது. கதவு வரை நடந்தேன். திரும்பினேன்.

"எப்படி கீது?" என்றார் பாய்.

வீட்டுக்காரர் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். மகளை விட்டு எழுதி வாங்கிய ராஜினாமா லெட்டர் அதில் இருந்தது. "இவ சொல்லட்டும். சரின்னா நாளைக்குக் குடுத்துர்றேன்."

அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. எங்கள் பக்கத்தில் அந்த வயதில் ஒரு கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்தால் வந்ததுதான். திரும்ப உள்ளே போகலாம், பர்மனென்டாகப் போக முடியாது. இருபத்திரண்டு வருஷத்து வேலை, என் வாயிலிருந்து வருகிற ஒரு வார்த்தையில் நின்றுகொண்டிருந்தது. எட்டு வாரமாக ஒரு வார்த்தை கேட்காதவர்கள், கடைசி வார்த்தையை மட்டும் என்னிடம் கேட்டார்கள்.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை? இந்த நாலு வருஷமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

கூச்சம் ஒரு காரணம். இன்னொன்று, கம்பெனிப் பழக்கம். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் அனுப்பிய சாம்பிள் ஷூ ஒன்று லைனில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். அது மாதிரி இருந்தால் பாஸ். ஒரு தையல் விலகினாலும் சிவப்பு ஸ்டிக்கர். பதினெட்டு வருஷத்தில் அந்தப் பெட்டிக்குள் இருக்கிற ஷூ தப்பு என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. தப்பு எங்கள் கையில்தான் இருக்கும். அப்படியே பழகிவிட்டேன். அதனால் அன்று எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? ஷூ என்றால் இப்படித்தான் இருக்கும் போல... நமக்குத்தான் போட்டுப் பழக்கமில்லை... என் கால்தான் லட்சணமில்லாத கால்.

"நல்லா இருக்கு" என்றேன்.

மறுநாள் காலை லெட்டர் போய்விட்டது.

ஒரு ஷெட் பிடித்தோம். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கரெஸ்பாண்டென்ட் ஷூவை வளைத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், ஆர்டர் கொடுத்தார். கோடை முழுக்க வேலை. பள்ளி திறந்த அன்று நாங்கள் மூன்று பேரும் பஸ் பிடித்துப் போய் கேட்டுக்கு எதிரே நின்றோம். விவசாயக் கூலிகளின் பிள்ளைகள், கம்பெனிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், வரிசையாகப் பிரேயருக்குப் போகிறார்கள். எல்லாக் காலிலும் எங்கள் ஷூ. அதிகம் பேசாத என் வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டு, "நம்மளுது" என்றார். அந்த முகத்தை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். பிள்ளையின் சுண்டுவிரலில் தோல் உரிந்திருந்தது. தாயின் கழுத்தில் ஒரு ஷூ கம்பெனி ஐடி கார்டு. சண்டைக்கு வந்தவள் இல்லை. மன்னிப்புக் கேட்கிறவள் மாதிரி பேசினாள்.

"ஷூ சூப்பரா கீதுண்ணா. இவ காலுதான் அகலம், அவங்கப்பா காலு மாதிரி. பெரிய சைஸ் இருந்தா மாத்திக் குடுங்க."

மாற்றிக் கொடுத்தோம். பெரிய சைஸ் போட்டால் அகலம் கொஞ்சம் கூடும், நீளமும் கூடும். விரலுக்குச் சரியானால் குதிகால் கழன்று வரும். அந்தப் பிள்ளை நாலு நாளில் திரும்பி வந்தது. இந்தத் தடவை குதிகாலில் கொப்புளம். அதற்குப் பிறகு தினமும் ஆள் வந்தார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அந்த முதல் தாயின் பொறுமை இல்லை. "பணத்த வாங்கினு கால ஒடைக்கறீங்களா?" என்று ஒருவர் ஷூவை ஷெட்டுக்குள் விட்டெறிந்தார். அது சோல் ஒட்டுகிற பேஸ்ட் டப்பாவில் விழுந்தது. அதைத் துடைத்து எடுத்து வைத்தவர் என் வீட்டுக்காரர்.

பாய் ஈரப்படுத்தி, துணி திணித்து, இழுத்து அகலப்படுத்திப் பார்த்தார். தோல் தொளதொளத்துப் புது ஷூ பழசாகிவிட்டது. "ஜெர்மன்காரன் தப்பாவா போட்டிருப்பான்?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எங்களைக் கேட்டாரா, லாஸ்டைக் கேட்டாரா, தெரியாது.

ஜெர்மன்காரன் சரியாகத்தான் போட்டிருக்கிறான், ஜெர்மன்காரன் காலுக்கு. நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஷூவுக்குள் வளர்கிற கால் ஒரு மாதிரி இருக்கும். மண்ணிலும் ரப்பர் செருப்பிலும் வளர்கிற கால் வேறு மாதிரி விரியும். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டுமா? வேலூர் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் தலையைக் குனிந்து நின்றிருந்தால் போதும். எங்களுக்கு ஷூ தெரியும். தோல் தெரியும், நூல் தெரியும், பேஸ்ட் எத்தனை நிமிஷத்தில் காயும் என்று தெரியும். கால் தெரியாது. எங்களுக்கே அந்தக் கால்தான் இருந்தது, ஆனாலும் தெரியாது.

நம் பிள்ளைகள் காலுக்கு ஏற்ற லாஸ்டை எல்லா சைஸிலும் புதிதாகச் செய்ய விசாரித்தோம். எங்கள் சக்திக்கு மீறியது. அதற்குள் கரெஸ்பாண்டென்ட் போன் செய்துவிட்டார். பிள்ளைகள் ஷூவைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறார்கள், பெற்றோர் மீட்டிங்கில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை என்றார். அடுத்த வருஷம் அந்தப் பள்ளியில் ரெக்சின் ஷூ. ஒன்றை வாங்கிப் பார்த்தேன். தையல் கோணல். ஒட்டு வேலை கேவலம். ஆனால் முன்பக்கம் தவளை வாய் மாதிரி அகலம். அதைச் செய்தவன் எக்ஸ்போர்ட் கம்பெனி வாசலையே மிதித்திருக்கமாட்டான். நல்லவேளை அவனுக்கு.

ஷெட்டைக் காலி செய்தோம். லாஸ்டை வாங்கிய காயலான் கடையிலேயே கொண்டுபோய்ப் போட்டோம். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. தராசைத் தூக்கிவிட்டார். ஒருவேளை அந்த மூட்டைகளுக்கு நாங்கள் முதல் ஆட்கள் இல்லையோ என்னவோ.

பாய் வாணியம்பாடியில் ஒரு சின்ன யூனிட்டுக்குப் போனார். என் வீட்டுக்காரர் பழைய கம்பெனிக்கே போனார். அதே லைன், அதே மெஷின், கழுத்தில் வேறு கலர் கார்டு. கான்ட்ராக்ட். அவரிடம் வேலை கற்றுக்கொண்டவன் இப்போது அவருக்கு சூப்பர்வைசர். லீவு வேண்டுமென்றால் அவனிடம் நிற்க வேண்டும். "இன்னாண்ணா, ஓனரு ஆவலியா?" என்று கேன்டீனில் கேட்டார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சாப்பாட்டில் பாதியை மூடி வைத்துவிட்டார்.

இத்தனை நாளும் நான் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. முகாமிலிருந்து வந்த அன்று சாயங்காலம், 'தெரிந்த தொழில்' என்ற அந்த வார்த்தை காதிலேயே நின்றது. அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு அந்த ஷூ எனக்குக் கடிச்சுது" என்றேன்.

"எந்த ஷூ?"

"சாம்பிள். நல்லா இருக்குன்னு சொன்னேனே. பொய்தான் சொன்னேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"எனக்கும் கடிச்சுது."

"உங்களுக்கா? எப்போ?"

"அதுக்கு முந்தின வாரம். என் சைஸ், நாப்பத்திரெண்டாம் நம்பர் லாஸ்ட்டும் அந்த மூட்டையில இருந்துச்சு. கம்பெனில ரிஜெக்ட் ஆன அப்பர் ஒரு ஜோடிய அதுல இழுத்துப் போட்டுப் பாத்தேன், பாய் வீட்டுலயே. வெரலு மரத்துப்போச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"பாய் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? எனக்கு ஷூ போட்டா பழக்கம்? நம்ம காலுதான் கோணக்காலுன்னு நெனச்சேன்." டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதனாலதான் உன்னப் போட்டுப் பாக்கச் சொன்னேன். நீ கடிக்குதுன்னா லெட்டரக் கிழிச்சிருப்பேன்."



பாய் வீட்டிலும் அதே கதைதானாம். ஆர்டருக்கு முன்னால் போட்ட இன்னொரு சாம்பிளை அவருடைய மகள் ஒரே நாள் ஸ்கூலுக்குப் போட்டுவிட்டு மறுநாள் மாட்டேன் என்று அழுதாளாம். செல்லம் கொடுத்துக் கெட்டுப்போய்விட்டாய் என்று அதட்டி அனுப்பினாராம். போன மாதம்தான் இவரிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார்.

ஆக, ஆர்டர் வருவதற்கு முன்னாலேயே மூன்று வீட்டு ஆட்களுக்கும் கடித்திருக்கிறது... இல்லை, இரண்டு வீடுதான். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை என்பதால் எனக்கு மூன்றாகத் தெரிகிறது. ஐடியா தேடுகிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஐடியா கிடைத்த பிறகு, அது எங்கே கடிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல உங்கள் வீட்டில் ஓர் ஆளாவது இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

நாங்கள் எல்லோரும் காலைத்தான் சந்தேகப்பட்டோம். ஷூவைச் சந்தேகப்பட்டுக் கழற்றிப் போட்டது அந்த அணைக்கட்டுப் பிள்ளைகள் மட்டும்தான். அதுகள் இன்னும் கம்பெனியில் சேரவில்லை பாருங்கள்.